வாழ்வா பாதுகாப்பா: ஈராக்கில் ஒரு சொல் செய்த வேலை

கொழும்பு வெள்ளவத்தையில் சனிக்கிழமை காலைகளில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு மொழிபெயர்ப்பு சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பயிற்சிக்கு 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிமுறைகளில் 43ஆவது பிரிவை எடுத்துக்கொண்டோம். ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் படை பிடித்துவைத்திருந்தால் அந்தப் படைக்கு என்ன கடமை என்று சொல்லும் பிரிவு அது. நான் கொடுத்தது ஆங்கில வாசகம். 'பொது ஒழுங்கையும் பாதுகாப்பையும் மீட்டு உறுதிசெய்ய வேண்டும்' என்று எல்லோரும் எழுதினார்கள். ஒரு பிள்ளை மட்டும் கையைத் தூக்கினாள். "சேர், பிரெஞ்சில 'வீ' எண்டெல்லோ இருக்கு? அது வாழ்க்கை எல்லோ?"

பிரெஞ்சு படிக்கிற பிள்ளை. வீட்டில் இணையத்தில் மூலத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் சொன்னது சரி. ஹேக் விதிமுறைகளின் அதிகாரபூர்வ மொழி பிரெஞ்சு மட்டுந்தான். அதில் இருப்பது 'பொது ஒழுங்கும் பொது வாழ்வும்'. ஆங்கிலத்துக்குப் போனபோது வாழ்வு இருந்த இடத்தில் பாதுகாப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. சர்வதேசச் சட்டம் படித்தவர்களுக்கு இது பழைய செய்திதான். ஆனால் சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு 2003க்குப் பிறகான ஈராக்கைப் பார்த்தால், இந்த ஒற்றைச் சொல் இடம்மாறியதை வைத்தே அந்த நாட்டுப் புனரமைப்பின் கதையைச் சொல்லிவிடலாம் போல இருக்கிறது.

பொது வாழ்வு என்பது சந்தை திறப்பது, பள்ளிக்கூட மணி அடிப்பது, குழாயில் தண்ணீர் வருவது, மாதக் கடைசியில் சம்பளம் கிடைப்பது. பாதுகாப்பு என்பது யாருடைய பாதுகாப்பு என்று முதலில் கேட்க வேண்டிய சொல். கொழும்புத் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி எல்லாம் அந்தச் சொல்லின் பெயரில் வந்தவை. 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுச் சொச்சம் பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியபோதும் சொன்ன காரணம் அதுதான். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது நின்றது. இங்கே நடந்ததும் ஈராக்கில் நடந்ததும் சட்டப்படி வேறு வேறு விடயங்கள். அங்கே அந்நியப் படை, இங்கே உள்நாட்டுப் போர். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் காது கொஞ்சம் கூராகத்தான் செய்கிறது.

சரி, ஈராக்குக்கு வருவோம்.

2003 மார்ச் 20 அன்று அமெரிக்கா தலைமையிலான படையெடுப்பு தொடங்கியது. ஏப்ரல் 9 அன்று பக்தாத் விழுந்தது. அதற்கடுத்த நாட்களில் நகரம் சூறையாடப்பட்டது. மருத்துவமனைக் கட்டில்கள், அருங்காட்சியகப் பொருட்கள், அமைச்சுகளின் கதவு நிலைகள், சுவருக்குள் ஓடிய செப்புக் கம்பிகள் எல்லாம் போயின. 23 அமைச்சுக் கட்டடங்களில் 17 பயன்படாமல் போனதாகச் சொல்வார்கள். அமெரிக்கத் துருப்புகள் உருப்படியாகக் காவல் நின்ற கட்டடம் எண்ணெய் அமைச்சு. பக்தாத்வாசிகள் இதை மறக்கவே இல்லை. படை குறைவு என்பது ஒரு காரணம். நாட்டைப் பிடித்தபின் அமைதி காக்க சில இலட்சம் படையினர் வேண்டும் என்று பெப்ரவரியிலேயே அமெரிக்கத் தரைப்படைத் தளபதி ஷின்செக்கி நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லியிருந்தார். பாதுகாப்புத் துறையின் மேலிடம் அதை மிகைக் கணக்கு என்று தள்ளிவிட்டது.

பணக் கணக்கும் அதே இலட்சணந்தான். ஏப்ரலில் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவர் தொலைக்காட்சியில் வந்து, ஈராக்கைக் கட்டியெழுப்ப அமெரிக்க வரிப்பணத்தில் 1.7 பில்லியன் டொலர் போதும் என்றார். அந்த நவம்பரிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் 18.4 பில்லியன் ஒதுக்க வேண்டி வந்தது. பத்து வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது தொகை சுமார் 60 பில்லியன்.

மே 12 அன்று போல் பிரேமர் பக்தாத்தில் வந்திறங்கினார். இடைக்கால ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர். மே 16இல் அவருடைய முதல் கட்டளை: வீழ்ந்த ஆட்சியாளர் சதாம் ஹுசைனின் பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்கள் அரச சேவையிலிருந்து நீக்கம். மே 23இல் இரண்டாவது: இராணுவம் கலைப்பு. கட்சி உறுப்புரிமை இல்லாமல் மேல் பதவி கிடைக்காத நாட்டில் முதல் கட்டளை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள், மருத்துவமனைப் பணிப்பாளர்கள், மின்நிலையத்தின் எந்த வால்வை எப்போது திருப்ப வேண்டும் என்று தெரிந்த மூத்த பொறியியலாளர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். இரண்டாவது கட்டளையால் படையில் மட்டும் நான்கு இலட்சம் பேரளவில் சம்பளம் இல்லாமல் நின்றார்கள், ஆயுதத்தோடு. ஜூன் 18 அன்று ஆர்ப்பாட்டம் செய்த முன்னாள் படையினரில் இரண்டு பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஆட்கள் வேறு பக்கம் திரும்பியிருந்தார்கள்.

அந்த நேரத்தில் வாஷிங்டனில் அடிக்கடி ஓர் உதாரணம் சொல்லப்பட்டது: ஜப்பானைப் பாருங்கள், நாங்கள் பிடித்து, கட்டியெழுப்பி, திருப்பிக் கொடுத்தோம் என்று. ஜப்பான் விடயத்தில் கொழும்புக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கை மாநாட்டில் இலங்கையின் சார்பில் பேசிய ஜே.ஆர். ஜெயவர்தன, பகைமை பகைமையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இழப்பீடு கேட்கமாட்டோம் என்றார். ஜே.ஆரைப் பற்றித் தமிழர் சொல்லவேண்டியது வேறு நிறைய இருக்கிறது. அது இந்தக் கட்டுரைக்கு வெளியே. அடுத்த ஏப்ரலில் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து ஆக்கிரமிப்பு முடிந்தது.

ஆனால் ஜப்பானில் ஆக்கிரமிப்பு எப்படி நடந்தது என்பதை உதாரணம் காட்டியவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. அங்கேயும் இராணுவம் கலைக்கப்பட்டதுதான். ஆனால் கலைத்தவர்கள் ஜப்பானியரே. அவர்களுடைய இராணுவ அமைச்சும் கடற்படை அமைச்சும் பெயர் மாறிப் படைக்கலைப்பு அமைச்சுகள் ஆயின. பழைய பதிவேடுகள், பழைய எழுதுவினைஞர்கள். வெளிநாடுகளில் சிதறிக் கிடந்த இலட்சக்கணக்கான படையினரைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையில் அந்தக் கந்தோர்களுக்குப் பெரிய பங்கு. பேரரசர் இருந்தார், அமைச்சரவை இருந்தது, பொலிஸ் இருந்தது. அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் மேலே உட்கார்ந்து உத்தரவு போட்டார், கீழே பழைய இயந்திரம் ஓடியது. ஈராக்கில் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்கள்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. ஆக்கிரமிப்பு என்ற சொல்லை அமெரிக்கா ஆரம்பத்தில் விரும்பவில்லை, 'விடுதலை' என்றே பேசிக்கொண்டிருந்தது. 2003 மே 22இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1483ஆம் தீர்மானம் அமெரிக்காவையும் பிரித்தானியாவையும் ஆக்கிரமிப்பு வல்லரசுகள் என்று பெயர் சொல்லியே குறித்தது. அதோடு ஜெனீவா, ஹேக் சட்டங்களின் கடமைகள் எல்லாம் அவர்கள் தலையில் வந்தன: மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வது, பொதுச் சுகாதாரத்தைப் பேணுவது, முற்றாக முடியாத நிலை வந்தாலன்றி அந்த நாட்டுச் சட்டங்களை மதிப்பது. பிரேமரின் நிர்வாகம் ஒரு வருடத்துக்குச் சற்று மேலான காலத்தில் 100 கட்டளைகள் போட்டது. வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம், வரி, காப்புரிமை, வீதிப் போக்குவரத்து விதி வரை கைவைத்தார்கள். சட்டத்தை மதிப்பது என்பதற்கு இது எந்த வகைப் பொருளோ தெரியவில்லை.

அதே 1483ஆம் தீர்மானந்தான் ஈராக் அபிவிருத்தி நிதியத்தையும் உருவாக்கியது. எண்ணெய் விற்ற காசில் 95 சதவீதம் அதற்குள் போகும், மிச்சம் 5 சதவீதம் 1990இல் ஈராக் குவைத் மீது படையெடுத்ததற்கான இழப்பீட்டுக்கு. நிதியத்தில் இருந்தது ஈராக்கியரின் பணம், செலவழித்தது ஆக்கிரமிப்பு நிர்வாகம். நியூயோர்க் மத்திய ரிசேர்வ் வங்கியிலிருந்து நூறு டொலர்த் தாள்களாகக் கட்டி, விமானத்தில் ஏற்றி, மொத்தம் 12 பில்லியன் டொலரளவு பக்தாத்துக்குப் போனது. நிறை 363 தொன். நிதியத்திலிருந்து அமைச்சுகளுக்குக் கொடுத்த 8.8 பில்லியன் டொலருக்குப் போதிய கண்காணிப்பு இருக்கவில்லை என்று 2005 ஜனவரியில் வந்த கணக்காய்வு சொன்னது. அந்த அறிக்கையில் எனக்கு மறக்க முடியாதது ஒரு சின்ன விடயம். ஓர் அமைச்சின் சம்பளப் பட்டியலில் காவலாளிகள் 8,206 பேர். எண்ணிச் சரிபார்க்க முடிந்தது 602 பேரை. காவலுக்கென்றே போன காசு.

2003 ஆகஸ்ட் 19 அன்று கனால் ஹோட்டலில் இருந்த ஐ.நா. அலுவலகத்தின் மீது குண்டு லொறி மோதியது. ஐ.நா.வின் ஈராக் சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். ஒக்டோபரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் அலுவலகம். ஐ.நா. தன் சர்வதேச ஊழியரில் பெரும்பாலானவர்களை வெளியே எடுத்தது. ஊர்களுக்குள் போய், தேத்தண்ணீர் குடித்து, என்ன வேண்டும் என்று கேட்டு வேலை செய்யக்கூடியவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் கொங்கிரீட் சுவருக்குப் பின்னால் இருந்த அதிகாரிகளும், ஆயுதம் தாங்கிய வண்டித் தொடரில் வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பும் ஒப்பந்தக்காரர்களும். ஒரு பொறியியலாளர் ஒரு நீரேற்று நிலையத்தைப் போய்ப் பார்ப்பதற்கு நான்கு வண்டியும் ஒரு டசின் துப்பாக்கியும் வேண்டும் என்றால், அந்தச் செலவு எங்கிருந்து வரும்? நீரேற்று நிலையத்துக்கு ஒதுக்கிய காசிலிருந்துதான் வந்தது. 2004 செப்டம்பரில் அது வெளிப்படையான கொள்கையாகவே ஆனது: மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகியவற்றுக்கு என்று வைத்திருந்ததிலிருந்து பெரும் பங்கை எடுத்து, 3.4 பில்லியன் டொலருக்கு மேல், பாதுகாப்பு முதலான வேறு தலைப்புகளுக்கு மாற்றினார்கள்.

தண்ணீர் இல்லாத ஊரில் கோபம் வளரும், கோபம் வளர்ந்த ஊரில் குண்டு வெடிக்கும், குண்டு வெடித்தால் தண்ணீருக்கான காசு இன்னும் குறையும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஆனாலும் அந்த அறைகளில் இருந்த படித்த மனிதர்கள் வருடக்கணக்காக 'முதலில் பாதுகாப்பு, அப்புறம் புனரமைப்பு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மின்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அதற்குள் இருக்கிறது. போருக்கு முன் ஈராக்கின் உற்பத்தி 4,000 மெகாவாட்டைச் சற்றுத் தாண்டியிருந்தது. சதாம் பக்தாத்துக்கு நாளெல்லாம் கொடுத்து, தெற்கை இருளில் வைத்திருந்தார். பிரேமரின் ஆட்கள் பழைய அளவை எட்டுவோம் என்று சபதம் எடுத்து, 2003 ஒக்டோபர் 6 அன்று 4,518 மெகாவாட் என்று அறிவித்தார்கள். அது ஒரு நாள் உச்சம். பராமரிப்புக்கு எதை நிறுத்த வேண்டுமோ அதை நிறுத்தாமல் ஓட்டி எடுத்த உச்சம். அப்புறம் இறங்கிவிட்டது. தெற்குக்கும் நியாயமாகப் பகிர்ந்தபோது பக்தாத்தின் பங்கு குறைந்தது. பின்வந்த வருடங்களில் தலைநகரில் பல மாதங்கள் நாளுக்கு நான்கு முதல் எட்டு மணி நேரந்தான். சதாமின் காலத்தில் லைட் எரிந்தது, நீங்கள் வந்த பிறகு எரியவில்லை என்று பக்தாத்காரர் சொன்னால் அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். தெற்கே பஸ்ராக்காரருக்கு அப்போதும் எரியவில்லை என்பது பக்தாத்காரருடைய கவலை அல்லவே.

உற்பத்தி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உயர் அழுத்தக் கம்பிகள் பாலைவனம் முழுக்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகின்றன. ஒரு கோபுரத்தின் காலை அறுக்க இரண்டு பேர் போதும். விழுந்த கம்பியை உருக்கி விற்றால் காசு. அதைக் காக்க ஒரு படை, அந்தப் படைக்கு ஒரு ஒப்பந்தம். மூன்றாவது, எரிபொருள். பல இடங்களில் எரிவாயுவில் ஓடும் சுழலிகளை வாங்கிப் பொருத்தினார்கள். எரிவாயு குழாய் வரவில்லை. கனமான எண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள், சுழலிகள் பாதித் திறனுக்கு இறங்கின, அடிக்கடி பழுதாயின. அதே நேரத்தில் பஸ்ராப் பக்கத்தில் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வரும் எரிவாயு வானத்தில் வீணாக எரிந்துகொண்டிருந்தது. நான்காவது, மக்கள். வரி தளர்ந்ததும் குளிரூட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் வெள்ளமாக வந்து இறங்கின. 50 பாகையை எட்டும் வெயிலில் அவற்றை வாங்காதே என்று யார் சொல்வது? உற்பத்தி கூடக் கூடத் தேவை அதைவிட வேகமாகக் கூடியது.

2022 மார்ச் கடைசியில் நமக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, எங்கள் ஒழுங்கையில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து பக்கத்து மூன்று வீடுகளுக்கு வயர் போனது. நாலாவது நாள் டீசல் கிடைக்காமல் அதுவும் நின்றது. நமக்கு அது சில மாதம். ஈராக்கியர் அதை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒருவர் பெரிய ஜெனரேட்டர் போட்டு, அம்பியர் கணக்கில் வீடுகளுக்கு விற்கிறார். தெருவுக்கு மேலே சிலந்தி வலை மாதிரி வயர்கள்.

மற்றக் கதைகளைச் சுருக்கிச் சொல்கிறேன். 2004இல் 150 ஆரம்பச் சுகாதார நிலையங்கள் கட்டும் ஒப்பந்தம் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குப் போனது. இரண்டு வருடத்தில் 186 மில்லியன் டொலர் செலவான பிறகு அவர்கள் முடித்துக்கொடுக்கப்போவது 20தான் என்று தெரியவந்தது. பிறகு ஈராக்கிய ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்துத்தான் மிச்சத்தில் பலவற்றை முடித்தார்கள். 2004இல் இரண்டு தடவை சண்டையில் நொறுங்கிய ஃபலூஜா நகருக்கு ஒரு கழிவுநீர்த் திட்டம். தொடக்கக் கணக்கு 30 மில்லியன் டொலரைச் சற்றுத் தாண்டியது, முடிவில் 100 மில்லியனைக் கடந்தது. வீதிக்கு அடியில் பிரதான குழாய் போட்டாயிற்று. வீட்டிலிருந்து அந்தக் குழாய் வரைக்குமான இணைப்புக்கு ஒப்பந்தத்தில் காசு வைக்கவில்லை. பக்தாத்துக்கு வடக்கே ஒரு சிறைச்சாலைக்கு 40 மில்லியன் டொலர் கொட்டி, 2007இல் அரைகுறையாக விட்டுவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் எழுதிவைத்தவர்களும் அமெரிக்கர்களே என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டுவர்ட் போவன் தலைமையிலான ஈராக் புனரமைப்புக்கான விசேட கணக்காய்வு அலுவலகம் 2013இல் தன் கடைசி அறிக்கையை வெளியிட்டது. குறைந்தது 8 பில்லியன் டொலர் வீண் என்பது அவர்களுடைய கணக்கு. தன் அரசின் தோல்வியைத் தன் செலவிலேயே இவ்வளவு விரிவாகப் பதிவுசெய்து அச்சிடும் வழக்கம் நம் பக்கத்து அரசுகளுக்கு இல்லை. அந்த மட்டில் மரியாதை.

படைத் தளபதிகள் கையில் ரொக்கமாகக் கொடுத்த நிதி ஒன்றும் இருந்தது. வாய்க்கால் தூர்வார, பள்ளிக்கூடத்துக்குக் கதவு போட, இறந்தவர் வீட்டுக்கு இரங்கல் காசு கொடுக்க. ஆரம்பத்தில் சதாமின் மாளிகைகளில் கண்டெடுத்த கட்டுகளிலிருந்தே இது ஓடியது, பிறகு பில்லியன் கணக்கில் வளர்ந்தது. இதில் நல்ல வேலைகளும் நடந்தன. ஒரு கப்டன் ஒரு கிணற்றைச் சுத்தமாக்க மூன்று அமைச்சின் கையெழுத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பணத்தை ஓர் ஆயுதமாகப் பயன்படுத்துவது எப்படி என்று 2009இல் இராணுவம் ஒரு கையேடே போட்டது, தலைப்பிலேயே அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடம் ஆயுதம் என்றால், எதிர்ப் பக்கத்துக்கு அது இலக்கு. கதவு வாங்கிக்கொண்ட தலைமை ஆசிரியரும் இலக்கு.

இந்தக் கட்டுமானத்தில் செங்கல் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், லொறி ஓட்டியவர்கள் யார் என்று கேட்டால் கதை நம் பக்கத்துக்கே வந்துவிடுகிறது. அமெரிக்கத் தளங்களின் சாப்பாட்டுக் கூடங்களும் சலவையும் பெருமளவில் தெற்காசியர், பிலிப்பைன்ஸ்காரர் கையில். குவைத், ஜோர்தான் என்று சொல்லிக் கூட்டிப்போய் எல்லை தாண்டவைத்த முகவர்கள் உண்டு. 2004 ஆகஸ்டில் கொல்லப்பட்ட 12 நேபாளத் தொழிலாளர் அப்படிப் போனவர்கள். செய்தி வந்ததும் காத்மாண்டு பற்றி எரிந்தது. 2008 டிசம்பரில் பக்தாத் விமான நிலையத்துக்கு அருகே சுமார் ஆயிரம் தெற்காசியர், இலங்கையரும் உட்பட, வேலையும் சம்பளமும் இல்லாமல் களஞ்சிய அறைகளில் அடைபட்டுக் கிடந்து, கடைசியில் போராட்டம் நடத்தியது வெளியே வந்தது. மருதானையில் ஏஜென்சிப் பலகைகளுக்குக் கீழே கையில் கோப்போடு நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் களஞ்சியந்தான் நினைவுக்கு வரும். அவர்களுக்கும் அந்த நாட்டில் எந்தச் சட்டம் பாதுகாப்பு? பிரேமரின் 17ஆவது கட்டளை வெளிநாட்டு ஒப்பந்த நிறுவனங்களை ஈராக்கிய நீதிமன்றங்களுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தது. 2007 செப்டம்பர் 16 அன்று பக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் சுட்டு 17 பொதுமக்கள் இறந்தபோது உலகம் அதைப் பற்றிப் பேசியது. களஞ்சியத்தைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

அந்த 60 பில்லியனில் பெரிய ஒற்றைப் பங்கு எதற்குப் போனது? ஈராக்கியப் படைக்கும் பொலிஸுக்கும், சுமார் 20 பில்லியன். தண்ணீரையும் மின்சாரத்தையும் பின்னுக்குத் தள்ளி வாங்கிய பாதுகாப்பு. 2014 ஜூனில் இஸ்லாமிய அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட கும்பல் வடக்கே மோசுல் நகருக்குள் நுழைந்தபோது அந்தப் படை சில நாட்களில் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது. போட்டுவிட்டுப் போன அமெரிக்க வண்டிகளை எதிரி ஓட்டிக்கொண்டு போனான். படையினர் கோழைகள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஊழல் மேலதிகாரிகள், பட்டியலில் மட்டும் இருந்த 'பேய்ச் சிப்பாய்கள்', ஊர் மக்களின் வெறுப்பு எல்லாம் சேர்ந்த விளைவு அது. 8,206 காவலாளிகள் பட்டியல் ஞாபகம் வருகிறதா?

2018 கோடையில் பஸ்ராவில் குழாய்த் தண்ணீர் உப்பாகவும் அசுத்தமாகவும் வந்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தெருவுக்கு வந்த இளைஞர்கள் கேட்டது தண்ணீர், மின்சாரம், வேலை. அவர்களில் பலர் 2003இல் சின்னப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளை போன சனிக்கிழமை திருத்திய பிரதியைக் கொண்டுவந்தாள். 'பொது ஒழுங்கையும் பொது வாழ்வையும்' என்று எழுதி, பரீட்சையில் இப்படி எழுதினால் புள்ளி வெட்டுவார்களா என்று பக்கத்தில் பென்சிலால் கேட்டிருந்தாள். திருத்துகிறவர் ஆங்கில வாசகத்தை வைத்துப் பார்த்தால் வெட்டக்கூடும் என்று உண்மையைச் சொன்னேன். "அப்ப ரெண்டையும் எழுதிறன் சேர்" என்றாள்.